கல்யாணச் சமையலை யாரிடம் கொடுப்பது? கடைசிப் பந்தியில் உட்கார்ந்து பாருங்கள்

மண்டபம் பிடித்த கையோடு கேட்டரிங்காரரைப் பார்க்கப் போனால் முதலில் நம் கைக்கு வருவது மெனு அட்டை. அதை ஓரமாக வையுங்கள். இருபத்தொரு ஐட்டமா, இருபத்தைந்தா என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

சாம்பிள் சாப்பாடு கொடுக்கிறேன் என்பார்கள். பத்துப் பேருக்குச் சமைத்ததில் ருசி வராமல் போனால்தான் அதிசயம். ஐந்நூறு பேருக்குச் சமைப்பது வேறு வித்தை. அண்டாவில் மூடி வைத்த சாதம் தன் சூட்டிலேயே குழையும். பருப்பு சூடாறச் சூடாற சாம்பார் இறுகும். அவசரத்தில் வெந்நீரை ஊற்றினால் உப்பும் புளியும் செத்துவிடும். ஆகவே அவர் சமைக்கும் வேறொரு கல்யாணத்துக்கு, அந்த வீட்டாரிடம் சொல்லிவிட்டு, கடைசிப் பந்தியில் உட்காருங்கள். சாதம் உதிரியாக, சூடாக வருகிறதா? வடை தீர்ந்து அப்பளத்தால் ஈடுகட்டுகிறார்களா? ரசம் கேட்டால் எத்தனை நிமிடத்தில் வருகிறது? இந்த மூன்றும் போதும்.

அடுத்தது பந்திக் கணக்கு. டைனிங் ஹாலில் 150 நாற்காலி, வருகிறவர்கள் 600 பேர் என்றால் நான்கு பந்தி. சாப்பிட, இலை எடுக்க, துடைத்து மறுபடி இலை போட என்று ஒரு பந்திக்கு 45 நிமிடம். பதினொரு மணிக்கு ஆரம்பித்தால் முடிய இரண்டு மணி. ஒன்பதரைக்கே எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டால் நான்காம் பந்திக்கு என்ன கிடைக்கும்? பந்திக்கு ஒருமுறை சாதம் வடிப்பது, அப்பளமும் வடையும் பந்திக்குப் பந்தி பொரிப்பது, அவியலுக்குத் தேங்காயும் தயிரும் பரிமாறும் முன்தான் சேர்ப்பது என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். மே மாதக் கல்யாணத்தில் முதலில் ஊசிப்போவது தேங்காய் அரைத்துவிட்ட கூட்டு, சட்னி, அவியல் வகையறாதான். தயிர்சாதத்தைப் பாலில் பிசைந்து, உறை மோர் கொஞ்சமாகவும் கடைசியாகவும் விட்டால் மதியம்வரை புளிக்காது.

பரிமாறும் ஆட்களை எண்ணிக் கேளுங்கள். 150 இலைக்கு 12 பேராவது வேண்டும். எட்டுப் பேரை வைத்துக்கொண்டு சமாளிக்கும்போதுதான் சாதம் ஆறியபின் சாம்பார் வரும், சாம்பார் முடிந்தபின் பொரியல் வரும். பழி சமையல்காரர் தலையில் விழும்.

எத்தனை இலை சொல்வது என்பதில்தான் பணம் கரைகிறது. விடிகாலை நாலரை, ஆறு முகூர்த்தம் என்றால் காலை டிபனுக்குக் கூட்டம், மதியத்துக்குப் பாதி கூட வராது. ஒன்பது, பத்தரை என்றால் டிபன் குறையும், சாப்பாடு நிரம்பும். முதல் நாள் மாலை ரிசப்ஷன் இருந்தால் ஊர்க்காரர்களும் ஆபீஸ்காரர்களும் அங்கேயே சாப்பிட்டுக் கிளம்பிவிடுவார்கள். மூன்று வேளைக்கும் ஒரே எண்ணைச் சொல்வது கேட்டரிங்காரருக்கு மட்டுமே லாபம். அவர் கேட்கும் மினிமம் எண்ணிக்கையை, நீங்கள் எதிர்பார்ப்பதில் பத்து சதவீதம் குறைத்தே ஒப்புக்கொள்ளுங்கள். கூடினால் இலைக்கு என்ன ரேட் என்பதையும் எழுதி வாங்குங்கள். இலை எண்ண இரு தரப்பிலும் ஒருவர் நிற்கட்டும். நாதஸ்வரக்காரர்கள், போட்டோக்காரர்கள், டிரைவர்கள், அவருடைய ஆட்களே சாப்பிட்ட இலைகள் கணக்கில் வருமா வராதா? கல்யாணத்தன்று இரவு செட்டில்மெண்டில் வரும் சண்டையில் பாதி இந்த ஒரு கேள்வியில்தான் தொடங்குகிறது.

மளிகை நாம் வாங்கிக் கொடுத்து, மாஸ்டருக்குக் கூலி மட்டும் தரும் பழைய முறையும் உண்டு. செலவு குறையும், தலைவலி கூடும். ஸ்டோர் ரூம் சாவியை வைத்துக்கொண்டு இரவெல்லாம் விழித்திருக்க ஒரு சித்தப்பா கிடைத்தால் மட்டும் இறங்குங்கள். லிஸ்ட் வந்ததும் ஒரு குத்துமதிப்புக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கலந்த சாதமும் இனிப்பும் உள்ள முகூர்த்தச் சாப்பாட்டுக்கு, நூறு பேருக்கு அரிசி 10 கிலோ, சாம்பாருக்குத் துவரம்பருப்பு 3 கிலோ, பாயசம் 10 லிட்டர் தாராளம். சின்னக் கப்பில் நூறு காபிக்கு 8 லிட்டர் பால். நெய்யும் முந்திரியும் இதோடு பொருந்தாமல் உயர்ந்திருந்தால் கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். 200 பேருக்குக் குறைவான விசேஷத்துக்கு இலை ரேட்டே நிம்மதி.

ரிசப்ஷனில் தோசை கவுண்டர் போடச் சொல்கிறவர்கள் இதையும் யோசியுங்கள். ஒரு கல்லில் ஒரே நேரத்தில் நான்கு தோசை, மூன்று நிமிடம் என்றால் மணிக்கு 80 தோசைதான். 400 பேருக்கு ஒரு கல் வைத்தால் கவுண்டர் முன்னால் நிற்கும் வரிசைதான் வீடியோவில் இருக்கும்.

ரேட்டில் எது அடங்காது என்று தனியாகக் கேளுங்கள்: சிலிண்டர், பாத்திர வாடகை, வண்டி வாடகை, ஐஸ்கிரீம், பீடா, ஜிஎஸ்டி. தண்ணீர் பாட்டிலில் பிரிக்காத பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்வாரா என்பதும் முக்கியம். மேஜையில் விரிக்கும் பிளாஸ்டிக் ஷீட்டும் பிளாஸ்டிக் பூசிய டீ கப்பும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தடை. பேப்பர் ரோலும் வாழையிலையும் போதும். உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண் பில்லில் இருக்கிறதா என்று பாருங்கள்.

மீதிச் சாப்பாட்டை யார் எடுப்பது என்பதையும் அட்வான்ஸ் கொடுக்கும்போதே பேசுங்கள். ஏதாவது இல்லத்துக்குக் கொடுப்பதாக இருந்தால் அவர்களிடம் முதல் நாளே சொல்லி வைத்து, மூன்றாம் பந்தி நடக்கும்போதே அண்டாவில் மிஞ்சப்போவதைக் கணித்துச் சூடாக அனுப்புங்கள். நாலு மணிக்கு மண்டபத்தைக் காலி செய்யும்போது ஞாபகம் வந்தால், அந்தச் சாப்பாட்டை யாருக்கும் கொடுக்காதீர்கள்.