காய வைத்துவிட்டார்கள்: பகாவ் செம்மண்ணில் குரோமியம் பார்த்த அனுபவம்

மலேசியாவின் நெகிரி செம்பிலானில் உள்ள பகாவ் ஊரின் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் எடுத்த மண்ணை ஆய்வுக்கூடத்தில் கொடுத்துவிட்டு இரண்டு நாள் கழித்துப் போனேன். 24 பைகளையும் 105 பாகை சூட்டு அடுப்பில் காய வைத்து, இடித்துச் சலித்து அழகாக அடுக்கியிருந்தார்கள். "எல்லா மண்ணையும் காய வைச்சுதானே சலிப்போம்?" என்றார் அங்கிருந்தவர். ஒவ்வொரு பைச் சீட்டிலும் 'காய வைக்கக் கூடாது' என்று எழுதியிருந்தேன். யாரும் படிக்கவில்லை. அன்று வண்டியில் உட்கார்ந்து அழுதேன்.

மூன்று இணைதிறன் குரோமியத்தை நச்சான ஆறு இணைதிறன் குரோமியமாக, அதாவது குரோமேட்டாக, மாற்றுவது மண்ணிலுள்ள மாங்கனீசு ஆக்சைடுதான். காய்ந்தால் அந்த மாற்றும் திறன் கெட்டுவிடும். 1979-இலேயே பார்ட்லெட்டும் ஜேம்ஸும் இதைக் காட்டிவிட்டார்கள். காய்ந்த மண்ணில் வரும் எண்ணை வைத்துத் தோட்டத்து மண்ணைப் பற்றி எதுவும் பேச முடியாது.

ஆக, மறுபடியும் பகாவ். முதல் தடவை அனுமதிக்கே இரண்டு நடை. கடிதத்தில் டிவிஷன் (தோட்டப் பிரிவு) பெயர் இல்லையென்று தோட்ட ஆபீஸ் எழுத்தரான கிராணி திருப்பி அனுப்பியிருந்தார். இந்தத் தடவை டிவிஷன், செம்பனை பிளாக் எண், குழியின் ஆழம், எடுக்கும் மண்ணின் எடை எல்லாவற்றையும் எழுதிக் கொண்டுபோனேன். பத்து நிமிடத்தில் கையெழுத்து கிடைத்தது. சம்பள நாளில் மட்டும் போய்விடாதீர்கள், ஆபீசில் யாரும் தலை நிமிர மாட்டார்கள்.

மண் எடுக்க எவர்சில்வர் துளைப்பான் வேண்டாம். அதிலேயே குரோமியம் இருக்கிறது, உரசினால் மண்ணில் கலக்கும். நான் பிளாஸ்டிக் கரண்டிதான் வைத்திருந்தேன். கெட்டியான இடத்தில் தோட்டத்து மண்டோர் (மேற்பார்வையாளர்) மாமா சங்குலால் (மண்வெட்டியால்) வெட்டித் தந்தார், இரும்பு பட்ட ஓரத்தைச் சீவிவிட்டு உள்மண்ணை எடுத்தேன். பையை இறுக்கிக் கட்டாமல் காற்றுப் போக விட்டு, ஐஸ் பெட்டியில் வைத்து, இந்தத் தடவை நானே மடியில் சுமந்து வந்தேன். ஈரத்தோடே சலித்தேன். அடுப்புக்குப் போனது ஈரப்பதம் பார்க்க எடுத்த சிறு பங்கு மட்டும்.

சோதனையில் என்னைப் படுத்தியது நிறம். குரோமேட் இருந்தால் ஊதா நிறம் தரும் டைஃபெனில்கார்பசைடு மருந்தைச் சேர்த்து 540 நானோமீட்டரில் படிக்கும்போது மண்சாறே பழுப்பாக இருந்தால் எண் ஏறிவிடும். மருந்து சேர்க்காத சாற்றையும் தனியாகப் படித்துக் கழிக்க வேண்டும். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் வீணானது. அமிலம் சேர்த்ததும் மண்ணின் கரிமப் பொருள் குரோமேட்டைத் தின்னத் தொடங்கும், தாமதிக்காமல் படியுங்கள்.

மண் குரோமேட்டைப் பிடித்துவைப்பதை அளக்க, தெரிந்த அளவு குரோமேட் கரைசலில் மண்ணை 24 மணி நேரம் குலுக்கி, கரைசலில் மிஞ்சியதைக் கழித்துப் பார்த்தேன். இரும்பு ஆக்சைடு நிறைந்த புளிப்பு மண் குரோமேட்டை நன்றாகவே பிடித்துக்கொண்டது. அந்த மண்ணையே தண்ணீரில் குலுக்கி மருந்து சேர்த்தேன், நிறமே இல்லை. பாஸ்பேட் கரைசலில் குலுக்கி மருந்து சேர்த்ததும் குழாயில் ஊதா பரவியது. பாஸ்பேட் இரும்பின் மேல் உட்கார்ந்து குரோமேட்டைத் தள்ளிவிடுகிறது. அந்த ஊதாவைப் பார்த்தபோதுதான் நான்கு மாத அலைச்சலும் மனதை விட்டு இறங்கியது.

அதனால், பாஸ்பேட் உரம் போட்ட இடத்து மண்ணையும் போடாத இடத்து மண்ணையும் கலக்காமல் தனித்தனிப் பையில் எடுங்கள். உரம் எப்போது போட்டார்கள் என்று கிராணியிடம் கேட்டு அன்றே எழுதி வையுங்கள். நான் முதல் தடவை கேட்கவில்லை.

மாமாவுக்குப் போன் செய்து சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்போ ராக் பாஸ்பேட் போட்டதுக்கப்புறம் மழை பேஞ்சா, லயத்துக்குப் பின்னாடி ஓடுற தண்ணி எப்படி பாப்பா?" என்றார். தொழிலாளர் வீட்டு வரிசைக்குப் பின்னால் ஓடும் அந்த ஓடைத் தண்ணீரை நான் எடுக்கவே இல்லை. அடுத்த உரம் எப்போது என்று கேட்டு வைத்திருக்கிறேன். இரண்டு போத்தல் கழுவி வைத்தாயிற்று.