பலெர்மோ நாட்குறிப்பு: நாலு எழுத்துல ஒரு கல்லறை

செப்டம்பர் 1, 2024, ஞாயிறு

இத்தாலியோட சிசிலித் தீவுல இருக்கிற பலெர்மோவுக்கு நேத்து ராத்திரி ரொம்ப லேட்டாதான் வந்து இறங்கினேன். ஏர்போர்ட் பேரு ஃபால்கோனே போர்செல்லினோ. மாஃபியா கேஸை விடாம விசாரிச்ச ரெண்டு மாஜிஸ்ட்ரேட்டுங்க, 1992ல மே மாசம் ஒருத்தர், ஜூலைல இன்னொருத்தர், ரெண்டு பேரையும் குண்டு வச்சே கொன்னாங்க. டவுனுக்கு வர்ற ஹைவேல கபாச்சி கிட்ட ஃபால்கோனே கார் வெடிச்ச இடத்துல ரோட்டோட ரெண்டு பக்கமும் நினைவுத் தூண் வச்சிருக்காங்க. பஸ் விர்ருனு தாண்டிருச்சு, பக்கத்து சீட் பெரியவர் மட்டும் சிலுவை போட்டுக்கிட்டார்.

காலைல பல்லரோ மார்க்கெட். கத்திரிக்காய கூட பாட்டு மாதிரி இழுத்து கூவி விக்கிறாங்க. பனெல்லேன்னு ஒன்னு சாப்பிட்டேன், கொண்டைக்கடலை மாவ தண்ணி ஊத்தி களி மாதிரி கிண்டி ஆற வச்சு மெல்லிசா வெட்டி பொரிச்சு எள்ளு பன்னுக்குள்ள வச்சு எலுமிச்சை பிழிஞ்சு தர்றாங்க, காய் வைக்க மறந்துட்ட பஜ்ஜி மாதிரியே இருக்கு. மாட்டு மண்ணீரல் பன்னும் ஃபேமஸாம், எனக்கு தைரியம் வரல.

செப்டம்பர் 2, திங்கள்

நார்மன் அரண்மனைக்குள்ள இருக்கிற கப்பெல்லா பலத்தீனாங்கற சர்ச்சுக்கு போனேன். இன்னிக்கு முழுக்க இது ஒன்னுதான், வேற எதுவும் பாக்கவும் தோணல.

கதை இதுதான். பழங்காலக் கடல் வியாபாரிகளான ஃபினீசியர்கள் ஆரம்பிச்ச ஊர், அப்புறம் ரோம், அப்புறம் கிழக்கு ரோமப் பேரரசான பைசான்டியம். 831ல அரபுக்காரங்க புடிச்சாங்க, 1072ல வடக்கு பிரான்ஸ் வம்சத்து நார்மன்காரங்க வந்து அவங்ககிட்ட இருந்து புடிச்சாங்க. இந்த மாதிரி கதைல அடுத்து எல்லாத்தையும் இடிச்சு தள்ளினாங்கன்னுதானே வரும், இங்க வந்தவன் எண்ணிக்கைல கம்மி, அதனால பழைய கணக்குப்பிள்ளை, கொத்தன், தச்சன் எல்லாரையும் அப்படியே வேலைல வச்சுக்கிட்டான். 1130ல ராஜாவா முடிசூடின ரெண்டாம் ரோஜர் கட்டின சொந்த சர்ச் இது. சுவர் பூரா கிரேக்க பாணி தங்க மொசைக், ஆனா தலைய தூக்கினா மேல மரக் கூரை, தேன்கூடு மாதிரி அடுக்கடுக்கா அரபு வேலைப்பாடு, அதுல ஒருத்தன் வாத்தியம் வாசிக்கிறான், ஒருத்தன் குடிக்கிறான், ரெண்டு பேர் உக்காந்து செஸ் ஆடுறாங்க, கீழ ஏசு பாத்துட்டு இருக்கார்! கழுத்து வலி இன்னும் போகல.

ரோஜர் சபைல இருந்த அரபு பூகோள அறிஞர் அல் இத்ரீசிதான் 1154ல அவருக்காக உலக மேப் செஞ்சு குடுத்தவர். அதுல தெற்குதான் மேல.

செப்டம்பர் 3, செவ்வாய்

லா ஸீஸா. நார்மன் ராஜாங்களோட வெயில் கால பங்களா, தண்ணி ஓட விட்டு காத்த குளிர வச்ச கட்டடம். இன்னிக்கு வெயிலுக்கு எனக்கு அது பத்தல. உள்ள மியூசியத்துல ஒரு சின்ன கல்லு, 1149ம் வருஷத்துது. கிரிசாந்துஸ்னு ஒரு பாதிரியார் தன் அம்மா அன்னாவுக்கு வச்ச கல்லறைக் கல்லு. ஒரே சேதிய லத்தீன், கிரேக்கம், அரபு, அப்புறம் யூதர்களோட ஹீப்ரு எழுத்துல அரபுன்னு நாலு விதமா செதுக்கியிருக்கார். வருஷக் கணக்கும் ஒவ்வொன்னுலயும் அந்தந்த ஆளுங்க முறைப்படி. ஊர்ல யார் அந்தப் பக்கம் போனாலும் அம்மா பேர படிக்கணும்னு நெனச்சிருக்கார் போல. கொஞ்ச நேரம் அங்கயே நின்னேன்.

சாயங்காலம் கதீட்ரல். வாசல் தூண் ஒன்னுல குர்ஆன் வசனம் இருக்கு, தேடித்தான் கண்டுபுடிக்கணும்.

செப்டம்பர் 4, புதன்

இன்னிக்கு இந்த ஊரோட காவல் புனிதை சாந்தா ரொசாலியா திருநாள், ஊரே மோந்தே பெல்லெகிரீனோ மலை ஏறுது. ரொசாலியா ரோஜர் காலத்து பிரபு வீட்டுப் பொண்ணு, எல்லாத்தையும் விட்டுட்டு மலைக் குகைல தவமிருந்தான்னு சொல்றாங்க. 1624ல பிளேக் வந்தப்ப அந்தக் குகைல எலும்பு கெடச்சு, அதை ஊர்வலமா கொண்டு போனதும் நோய் நின்னுச்சுன்னு நம்பிக்கை.

கல் பாவின பழைய பாதை, செம ஏத்தம், சில பேர் செருப்பில்லாம ஏறுறாங்க. பாதி வழில மூச்சு வாங்க நின்னப்ப பின்னாடி இருந்து ஒரு குரல், "தம்பி தமிழோ?" யாழ்ப்பாணத்து அக்கா, பலெர்மோ வந்து முப்பது வருஷமாச்சாம். 80கள்ல இருந்தே ஈழத் தமிழர்கள் இங்க வந்து குடியேறியிருக்காங்கன்னு படிச்சிருந்தேன், ஆனா மலைல இத்தனை பேர பாப்பேன்னு நெனக்கல. "நாங்கள் சைவ சமயம்தான் தம்பி. வந்த புதுசில வேலையுமில்ல விசாவுமில்ல, இவவிட்டத்தான் வந்து அழுதனான். இப்பவும் ஞாயிறுகளில ஏறுறனாங்கள்."

மேல போனா குகையேதான் கோயில். பாறைல கசியுற தண்ணிய புடிக்க தலைக்கு மேல வளைவு வளைவா தகரக் குழா தொங்குது, கண்ணாடிக்குள்ள தங்க உடுப்போட படுத்திருக்கா ரொசாலியா. அக்கா கண்ண மூடி ஏதோ முணுமுணுத்தாங்க, கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. பக்கத்துல ஒரு இத்தாலிக்காரப் பாட்டி சிலுவை போட்டுட்டு, அவங்களுக்கு நகர்ந்து இடம் விட்டாங்க.

வெளிய படில உக்காந்ததும் பையில இருந்து டப்பா எடுத்தாங்க, அவிச்ச கடலை, தேங்காய்ச் சொட்டு போட்டது. "சாப்பிடுங்கோ, இறங்கேக்கதான் முழங்கால் நோகும்."