‘ஹலோ சொல்லு’ என்பதற்கு முன்னால் சொல்லித்தர வேண்டியது

மின்தூக்கிக்குள் யார் நுழைந்தாலும் "ஹலோ அங்கிள்" என்று சொல்லப் பழகிய எட்டு வயதுப் பையன் ஒருவனை எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளை. வாயே திறக்காதவன் இப்போது சொல்கிறான் என்று வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் கைப்பேசியில் பேசிக்கொண்டிருப்பவரிடமும் சொல்கிறான். கண் கலங்கி நிற்பவரிடமும் அதே குரலில் சொல்கிறான். பதில் வராவிட்டால் வரும்வரை திரும்பத் திரும்பச் சொல்கிறான். அவனிடம் இருப்பது மனப்பாடமான ஒரு வாசகம். எதிரே இருப்பவர் இப்போது என்ன செய்கிறார், அவர் மனத்தில் என்ன ஓடுகிறது, இந்த நேரத்தில் இது எடுபடுமா என்று பார்க்கும் வேலையை அவனுக்கு யாரும் கற்றுத்தரவில்லை.

அந்த வேலைக்குத்தான் சமூகச் சிந்தனை என்று பெயர். அமெரிக்கப் பேச்சு சிகிச்சையாளர் மிஷெல் கார்சியா வின்னர் 1990களின் நடுப்பகுதியில் இந்தப் பெயரில் ஒரு பாடமுறையை வளர்த்தெடுத்தார். ஒரு முழுத் திட்டமாக அதற்கு ஆய்வுச் சான்று போதவில்லை என்ற விமர்சனம் உண்டு. 2016இல் நடத்தைப் பகுப்பாய்வுத் துறையினர் சிலர் அதை வெளிப்படையாகவே எழுதினார்கள். அந்த விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது. ஆகவே எந்த ஒரு திட்டத்தையும் அப்படியே விழுங்காமல், அதில் உள்ள பயிற்சிகளை ஒவ்வொன்றாக எடுத்து, நம் பிள்ளைக்கு உதவுகிறதா என்று பார்த்துச் செய்வதே நல்லது.

யாருக்குத் தொடங்கலாம்? வாக்கியமாகப் பேசக்கூடிய, "ஏன்?" என்ற கேள்விக்கு ஏதோ ஒரு பதில் சொல்லக்கூடிய பிள்ளைகளுக்கு. பேச்சு இன்னும் வராத பிள்ளைக்குச் சிந்தனைக் குமிழி (தலைக்கு மேல் மேகம் போல வரைந்து உள்ளே எண்ணத்தை எழுதுவது) வரைந்து காட்டுவதில் பயனில்லை. அவனோடு சேர்ந்து ஒரே பொருளைப் பார்ப்பது, மாறி மாறி விளையாடுவது, படத்தைக் காட்டி வேண்டியதைக் கேட்பது ஆகியவைதான் அவனுக்கு முதல் பாடம். பெரும்பாலான குழந்தைகளுக்கு இதைப் பாலர் பள்ளி வயதிலேயே ஆரம்பகாலத் தலையீட்டு நிலையங்களில் தொடங்குகிறார்கள். சிங்கப்பூரில், சந்தேகம் வந்த உடனே பலதுறை மருந்தகத்தில் சொன்னால் கேகே மருத்துவமனைக்கோ தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனைக்கோ எழுதிக் கொடுப்பார்கள். "ஆம்பளப் பிள்ளைக்குப் பேச்சு தாமதமாத்தான் வரும்" என்று சொந்தக்காரர்கள் சொல்வதைக் கேட்டு ஒரு வருடம் காத்திருக்க வேண்டாம்.

முதல் பயிற்சி, கண் போகும் இடத்தைக் கண்டுபிடிப்பது. மேசையில் மூன்று பொருள்களை ஒரு முழ இடைவெளியில் வையுங்கள்: ஒரு குவளை, ஒரு பொம்மைப் பேருந்து, ஒரு வாழைப்பழம். பேசாமல் ஒன்றை மட்டும் பாருங்கள். முதலில் தலையையும் சேர்த்துத் திருப்புங்கள். "அம்மா எதைப் பாக்குறேன்?" பிள்ளை தொட்டுக் காட்டினால் போதும். தடுமாறாமல் சரியாகச் சொல்லத் தொடங்கிய பிறகு தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் நகர்த்துங்கள். அதுவும் வந்துவிட்டால் கேள்வியை மாற்ற வேண்டும்: "அம்மாவுக்கு இப்போ என்ன வேணும்னு நினைக்கிறே?" பார்வைக்கும் எண்ணத்துக்கும் உள்ள தொடர்பு இந்த இடத்தில்தான் பிள்ளைக்குப் பிடிபடும். பிறகு மேசையை விட்டுவிட்டு அடுப்படிக்குப் போங்கள். கையில் மாவு ஒட்டியிருக்கும்போது தண்ணீர்க் குழாயைப் பார்த்து நில்லுங்கள். கேள்வி கேட்காமல், மெதுவாகப் பத்து எண்ணும் அளவுக்குக் காத்திருங்கள். இந்தப் பிள்ளைகளுக்கு யோசித்து முடிக்க நேரம் வேண்டும். நடுவில் நாம் இன்னொரு முறை கேட்டால் அவர்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

இங்கே பெரும்பாலோர் செய்யும் தவறு, இதைக் கண்ணைப் பார்த்துப் பேச வைக்கும் பயிற்சியாக மாற்றிவிடுவது. "என் கண்ணப் பாரு" என்று தாடையைப் பிடித்துத் திருப்புவதை இன்னமும் காண முடிகிறது. தயவுசெய்து வேண்டாம். நேருக்கு நேர் கண்ணைப் பார்ப்பது வேதனையாக இருக்கிறது, பார்க்கும்போது காதில் எதுவும் ஏறுவதில்லை என்று வளர்ந்த ஆட்டிசக்காரர்கள் எவ்வளவோ பேர் சொல்லியிருக்கிறார்கள். நமக்கு வேண்டியது தகவல். அது தோள் திரும்பியிருக்கும் பக்கத்திலும் பாதம் காட்டும் திசையிலும் கை செய்யும் வேலையிலும்கூடக் கிடைக்கும். பேசிக்கொண்டிருப்பவரின் கால் வாசல் பக்கம் திரும்பிவிட்டால் அவர் கிளம்பப் பார்க்கிறார். கண்ணையே பார்க்காத பிள்ளைகூட இதைக் கச்சிதமாகக் கவனிக்கும்.

அடுத்த படி கடினம்: எதிரே இல்லாத ஒருவரின் எண்ணத்தை ஊகிப்பது. 1985இல் லண்டனில் சைமன் பாரன்-கோயன், ஆலன் லெஸ்லி, யூட்டா ஃப்ரித் மூவரும் செய்த சோதனை ஒன்று புகழ்பெற்றது. சாலி என்ற பொம்மை தன் கோலிக்குண்டைக் கூடையில் போட்டுவிட்டு வெளியே போகிறது. ஆன் என்ற பொம்மை அதை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறது. சாலி திரும்பி வந்தால் எங்கே தேடும்? ஆட்டிசம் உள்ள 20 பிள்ளைகளில் 16 பேர் பெட்டியைக் காட்டினார்கள். குண்டு உண்மையில் இருப்பது அங்கேதான். ஆனால் சாலிக்கு அது தெரியாதே. மீதி நான்கு பேர் சரியாகச் சொன்னார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. எல்லாருக்கும் ஒரே அளவில் இந்தச் சிரமம் இருப்பதில்லை. சோதனையில் தேறும் பிள்ளைகூட, விளையாட்டு மைதானத்தின் வேகத்தில் அதே கணக்கைப் போட்டு முடிப்பதற்குள் பேச்சு வேறு இடத்துக்குப் போயிருக்கும்.

சிங்கப்பூரில் இதே பாடம் உணவங்காடி நிலையத்தில் தினமும் கிடைக்கிறது. சாப்பிட்ட தட்டைத் திருப்பி வைக்க வேண்டும் என்பது எழுதிய விதி. 2021 செப்டம்பர் 1 முதல் அதை மீறுவோர்மீது நடவடிக்கை எடுக்கிறார்கள். அறிவிப்பு ஒட்டியிருக்கும் விதிகளை நம் பிள்ளைகள் பெரியவர்களைவிட ஒழுங்காகக் கடைப்பிடிப்பார்கள். சிக்கல், இடம் பிடித்துவைக்க மேசையில் விட்டுப்போகும் டிஷ்யூ பாக்கெட்டில். மேசை காலி, நாற்காலி காலி, நடுவில் ஒரு டிஷ்யூ பாக்கெட். பிள்ளை நேராகப் போய் உட்கார்ந்து, அந்த டிஷ்யூவையே பிரித்து மூக்கைத் துடைத்துக்கொள்வான். அவன் கண்ணுக்கு அங்கே யாருமில்லை. அவனைத் திட்டுவதற்குப் பதில் ஒரு தாளை எடுங்கள்.

தாளில் இடப்பக்கம் மேசையையும் பாக்கெட்டையும் வரையுங்கள். வலப்பக்கம் மீ கோரெங் கடையில் வரிசையில் நிற்கும் ஒரு குச்சி மனிதர். அவர் தலைக்கு மேல் மேகம் போல ஒரு குமிழி. உள்ளே என்ன எழுதுவது என்று பிள்ளையிடம் கேளுங்கள். "பசிக்குது" என்றால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள், தவறில்லை. பிறகு, "இந்த டிஷ்யூ யாருது? அவங்க ஏன் இங்க வச்சுட்டுப் போனாங்க?" என்று கேளுங்கள். குமிழிக்குள் "அது என் இடம்" என்ற சொற்கள் வந்து சேர்ந்ததும், மேசைக்கும் அந்த மனிதருக்கும் ஒரு கோடு போடுங்கள். அடுத்த முறை கடைக்குப் போகும்போது, உட்காரும் முன் மேசையில் டிஷ்யூ, குடை, பெயரட்டை எதுவும் இருக்கிறதா என்று தேடுவது அவன் வேலை. பாதி காலியான மேசையில் "இங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்பது அதற்கடுத்த வேலை. இரண்டையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள்.

இப்படிக் குச்சிப் படம் வரைந்து பேசுவதை 1994இல் கரோல் கிரே என்ற அமெரிக்க ஆசிரியை ஒரு முறையாகவே எழுதி வைத்தார். பள்ளியில் சண்டை நடந்த நாளில் இது மிகவும் கைகொடுக்கும். நீங்களும் பிள்ளையும் அமைதியான பிறகு, அன்றைக்கே உட்காருங்கள். எங்கே நடந்தது, யார் யார் இருந்தார்கள், யார் என்ன சொன்னார்கள், யார் என்ன நினைத்திருக்கலாம் என்ற வரிசையில் போங்கள். பிள்ளையின் குமிழியை முதலில் நிரப்புங்கள். தன் எண்ணத்தைக் கேட்டுக்கொண்டார்கள் என்று தெரிந்தால்தான் அடுத்தவர் எண்ணத்துக்கு வருவான். மற்றப் பிள்ளையின் குமிழிக்குள் "இவன் மோசமானவன்" என்று எழுதிவிடாதீர்கள். அப்படி எழுதினால் பாடம் வசவாகிவிடும், அடுத்த முறை தாளைக் கண்டாலே ஓடுவான். இரண்டு மூன்று குமிழிகள் போட்டு, ஒவ்வொன்றிலும் "ஒருவேளை" என்று தொடங்குங்கள். பிறர் மனம் நமக்கும் உறுதியாகத் தெரியாது என்பதைப் பிள்ளை பார்க்க வேண்டும்.

அதே கிரே 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய சமூகக் கதைகளும் (வரப்போகும் சூழலைப் பிள்ளைக்கு முன்கூட்டியே விளக்கும் குட்டிக் கதைகள்) தமிழ்க் குடும்பங்களுக்கு நன்றாகப் பொருந்தும், முக்கியமாகப் பண்டிகைக்கு. இங்கே ஒரு கணக்கு உண்டு. என்ன செய் என்று சொல்லும் வரி ஒன்றுக்கு, நிலைமையையும் மனிதர்களின் மனத்தையும் விவரிக்கும் வரிகள் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். ஒரு மாதிரி:

"தீபாவளிக்கு நாங்கள் பெரியப்பா வீட்டுக்குப் போவோம். அங்கே சொந்தக்காரர்கள் நிறையப் பேர் வருவார்கள். சிலர் சத்தமாகப் பேசிச் சிரிப்பார்கள். பாட்டிக்கு என்னைப் பார்த்தால் சந்தோஷம், அதனால் என் கன்னத்தைத் தொட வரலாம். எனக்கு அது பிடிக்காமல் இருக்கலாம். அது பரவாயில்லை. நான் கைகூப்பி வணக்கம் சொல்லலாம். சத்தம் அதிகமானால் அம்மாவோடு உள்ளறைக்குப் போகலாம்."

ஆறு வரிகள் விவரிக்கின்றன, இரண்டே வரிகள் வழி சொல்கின்றன. நாம் எழுதும் முதல் பிரதி பெரும்பாலும் தலைகீழாக இருக்கும்: "ஓடக்கூடாது, கத்தக்கூடாது, எல்லாருக்கும் வணக்கம் சொல்ல வேண்டும்." அது உத்தரவுப் பட்டியல். "எப்போதும்" என்ற சொல்லையும் தவிருங்கள். ஒரு தடவை பொய்த்தாலும் பிள்ளை கதை முழுவதையும் நம்பமாட்டான். ஒரு வாரத்துக்கு முன்பிருந்து தினம் ஒரு முறை, மனம் நன்றாக இருக்கும் நேரத்தில் படியுங்கள். தவறு செய்த பிறகு தண்டனையாகப் படிக்க வைத்தால் கதையின் கதி அதோடு முடிந்தது. இன்னொன்று: உள்ளறை உண்மையிலேயே காலியாக இருக்க வேண்டும், பாட்டியிடம் முன்கூட்டியே பேசியிருக்க வேண்டும். "கைகூப்பினா போதும் அத்தை, கிட்ட இழுக்காதீங்க" என்று மருமகள் சொல்வதைவிட மகன் சொன்னால் பல வீடுகளில் சுலபமாக எடுபடுகிறது. சாதிக்கும் விஷயங்களைப் பாராட்டியும் கதை எழுத வேண்டும். எழுதுவதில் பாதியாவது அப்படி இருக்கட்டும் என்பது கிரே வைத்த விதி. அதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறோம்.

மொழி விஷயத்தில் ஒரு பெரிய குழப்பம் நிலவுகிறது. பிள்ளைக்கு ஆட்டிசம் என்று தெரிந்ததும், "வீட்டில் இனி ஆங்கிலம் மட்டும்" என்று முடிவெடுக்கிறார்கள். இரண்டு மொழிகள் ஆட்டிசம் உள்ள பிள்ளையின் பேச்சைக் கெடுக்கின்றன என்று ஆய்வுகள் காட்டவில்லை. தமிழை எடுத்துவிட்டால் தாத்தா பாட்டியோடு அவன் பழகும் வாய்ப்பும் போகிறது, சமூகச் சிந்தனையைப் பழக அதைவிட நல்ல இடம் எது? வகுப்பில் ஆங்கிலத்தில் கற்ற "எக்ஸ்கியூஸ் மீ" தாத்தாவிடம் தானாகத் தமிழாக மாறாது என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும். பேச்சில் குறுக்கிடும் முன் பக்கத்தில் வந்து நின்று காத்திருப்பதை வீட்டில் தமிழில் தனியாகப் பழக்க வேண்டும். பெரியவர்களிடம் ‘நீங்க’, தம்பியிடம் ‘நீ’, முன்பின் தெரியாத கடைக்காரரும் ‘அங்கிள்’ என்பவையும் அப்படியே. யாரும் விளக்காமல் மற்றப் பிள்ளைகள் பிடித்துக்கொள்பவை, இவனுக்கு விளக்க வேண்டியவை.

கற்றதை இடம் மாற்றும்போதுதான் பலருக்கும் சறுக்குகிறது. சிகிச்சை அறையில் அழகாகச் செய்பவன் புளோக்கின் கீழே விளையாடும்போது எல்லாம் மறந்தவன்போல் நிற்பான். ஆள், இடம், நேரம் ஆகியவற்றில் ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அதே அத்தை மகனோடு வேறு இடம். பிறகு அதே இடத்தில் வேறு பிள்ளை. பள்ளியில் சிறப்புத் தேவை அதிகாரியிடம், வீட்டில் எந்தப் படம், எந்தச் சொல் பயன்படுத்துகிறீர்கள் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். இரண்டு இடத்திலும் ஒரே சொல் என்றால் பாதிச் சுமை குறையும்.

எப்போது நிறுத்துவது என்பதும் பயிற்சியில் சேர்த்தி. ஒன்றிலிருந்து ஐந்து வரை ஓர் அளவுகோல் வரைந்து, உடலின் அடையாளத்தை ஒவ்வொரு எண்ணுக்கும் எழுதுங்கள்: ஒன்றில் மூச்சு சீராக இருக்கும், மூன்றில் சட்டை நுனியைக் கசக்குவான், நான்கில் காதைப் பொத்துவான். ஒன்று, இரண்டில் பாடம் நடத்தலாம். மூன்றில் குறையுங்கள். ஞாயிற்றுக்கிழமை தேக்காச் சந்தைக்குள் நான்கைத் தொட்டுவிட்டால் பேச்சே வேண்டாம். வெளியே கூட்டி வந்து, சத்தம் குறைந்த இடத்தில் பக்கத்தில் இருந்தால் போதும். அந்த நேரத்தில் "இப்போ மத்தவங்க என்ன நினைப்பாங்க?" என்று கேட்பது கொடுமை.

மற்றவர்களும் இவனைப் புரிந்துகொள்ளத்தான் வேண்டும். ஆட்டிசம் உள்ளவரான பிரித்தானிய ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012இல் இதை ‘இரட்டைப் பரிவுச் சிக்கல்’ என்று எழுதினார்: புரியாமை இரு பக்கமும் இருக்கிறது, ஒரு பக்கத்தை மட்டும் திருத்துவது நியாயமாகாது. ஆகவே குமிழிப் படத்தை வகுப்புத் தோழர்களுக்கும் தம்பி தங்கைக்கும் போட்டுக் காட்டுங்கள். இந்த முறை காலிக் குமிழி நம் பிள்ளையின் தலைக்கு மேல் இருக்கட்டும். கையை உதறுகிறானே, அவன் மனத்தில் என்ன ஓடுகிறது? தங்கை "கோவம்" என்பாள். "ஒருவேளை சந்தோஷமா இருக்கானோ?" என்று கேட்டுப் பாருங்கள், பிறகு இரண்டு பேரும் போய் அவனிடமே கேளுங்கள்.