பாஸ் ஆயி கீதேண்ணா

மே மாதம், வேலூர் சத்துவாச்சாரியில் என் வீட்டு மாடி அறை. ஃபேன் சுற்றுவது சத்தத்துக்கு மட்டும்தான். குடியாத்தத்திலிருந்து பஸ் பிடித்து ஒரு தம்பி வந்திருந்தான், கடைசி வருடம் படிக்கிறவன். கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் மென்பொருளான கிட்டின் சோர்ஸ் கோடில் ஒரு சின்ன மாற்றம் செய்திருந்தான். அனுப்புவதற்கு முன்னால் நான் ஒருமுறை பார்த்துத் தர வேண்டுமாம்.

மாற்றம் சி கோடில் இல்லை, அந்தக் கோடு சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் டெஸ்டில். கிட்டின் டெஸ்டுகள் பெரும்பாலும் ஷெல் ஸ்கிரிப்டுகள்தான், டெர்மினலில் அடிக்கும் கமாண்டுகளை வரிசையாக எழுதிவைத்த ஃபைல்கள். 't' என்கிற ஒற்றை எழுத்து டைரக்டரிக்குள் நூற்றுக்கணக்கில் கிடக்கும். பெயரில் 't'-க்கு அடுத்து நான்கு இலக்க எண் வரும், முதல் இலக்கமே எந்தக் குடும்பம் என்று சொல்லிவிடும். 0 அடிப்படை, 4 வித்தியாசம் காட்டும் டிஃப், 7 என்றால் மாற்றத்தைப் பதிவு செய்ய நாம் தினமும் அடிக்கும் கமிட் போன்ற கமாண்டுகள். இவன் எடுத்தது 7-இல் ஒன்று. பழைய பாணியில் எழுதியதைப் புதுப்பித்து, கூடவே இரண்டு டெஸ்டுகளைப் புதிதாகச் சேர்த்திருந்தான்.

முதலில் ஓட்டிப் பார்த்தேன். எல்லாம் ஓகே. "பாஸ் ஆயி கீதேண்ணா, அப்புறம் இன்னா பாக்கணும்?" என்றான். நியாயமான கேள்வி. நானும் முதன்முதலில் ரிவ்யூ செய்தபோது டேப் வர வேண்டிய இடத்தில் ஸ்பேஸ் வந்திருக்கிறது என்று நாலு வரி எழுதிவிட்டு ரிவ்யூ முடிந்தது என்று நினைத்தவன்தான்.

அவன் புதுப்பித்த பகுதி சுலபமாகப் போனது. 'கிட் லாக்' (கமிட்டுகளின் பட்டியல்) எழுதுவதைப் பைப் போட்டு, வரி தேடும் கமாண்டான கிரெப்புக்கு நேராகக் கொடுத்திருந்த இடங்களை மாற்றியிருந்தான். ஒரு கமாண்ட் ஜெயித்ததா தோற்றதா என்று அது விட்டுப்போகும் எண்தான் எக்ஸிட் கோடு, 0 என்றால் வெற்றி. பைப்பில் கடைசி கமாண்டின் எக்ஸிட் கோடு மட்டும்தான் ஷெல்லுக்குத் தெரியும். கிட் பாதியில் செத்து விழுந்தாலும், அதற்குள் கிரெப் தேடிய வரி வந்துவிட்டிருந்தால் டெஸ்ட் பாஸ். அதனால் கிட் எழுதுவதை முதலில் ஒரு ஃபைலில் பிடித்து, && (முன்னது ஜெயித்தால்தான் அடுத்தது ஓடும்) போட்டு, பிறகு கிரெப் செய்வதுதான் வழக்கம். && விட்டுப்போனால் அங்கே செயின்லிண்ட் என்று ஒன்று பிடித்துவிடும். பைப்பை அது கண்டுகொள்ளாது, மனிதன்தான் பார்க்க வேண்டும். இரண்டு இடம் அவன் கண்ணுக்குத் தப்பியிருந்தன, குறித்துக் கொடுத்தேன்.

சிக்கல் புது டெஸ்டுகளில்தான். முதலாவது, இரண்டு ஆப்ஷன்களைச் சேர்த்துக் கொடுத்தால் கிட் மறுக்க வேண்டும் என்பது. 'டெஸ்ட் மஸ்ட் ஃபெயில்' என்கிற ஹெல்பரை (டெஸ்டுகளுக்கென்று எழுதிவைத்த துணைக் கமாண்டை) போட்டிருந்தான், அது சரி. வெற்றி தோல்வியைத் தலைகீழாக்கும் ஆச்சரியக்குறியை மட்டும் போட்டால், கிட் செக்மென்டேஷன் ஃபால்ட்டில் (மெமரித் தவறால் கிராஷ்) 139 என்று விழுந்தாலும் 'தோற்றது, நல்லது' என்று எடுத்துக்கொள்ளும். இந்த ஹெல்பர் அப்படிச் சாவதைத் தோல்விக் கணக்கில் சேர்க்காது. ஆனால் தம்பி ஒரு ஆப்ஷனின் பெயரில் ஓர் எழுத்தை விட்டிருந்தான். அப்படி ஓர் ஆப்ஷனே இல்லை என்று கிட் யூசேஜை, அதாவது எப்படிப் பயன்படுத்துவது என்கிற குறிப்பை, காட்டி 129-உடன் வெளியேறியது. 129-ஐ ஹெல்பர் சாதாரணத் தோல்வியாகவே ஏற்கும். தோற்க வேண்டிய டெஸ்ட் தோற்றது, காரணம்தான் வேறு. நடப்பதையெல்லாம் காட்டச் சொல்லி '-v -i' போட்டு ஓட்டி, திரையில் யூசேஜ் வந்து விழுவதைக் காட்டியதும் நாக்கைக் கடித்துக்கொண்டான். பிழைச் செய்தியை ஒரு ஃபைலில் பிடித்து, சேர்த்துப் பயன்படுத்தக் கூடாது என்கிற வரி அதில் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொன்னேன்.

இரண்டாவதை நானே கோட்டை விட்டேன். 'குவைட்' (சத்தமில்லாமல் ஓடு) என்கிற ஆப்ஷனைக் கொடுத்தால் எச்சரிக்கை வரக் கூடாது என்கிற டெஸ்ட். படித்தேன், சரி என்றேன், அவனும் ஊருக்குக் கிளம்பிவிட்டான். ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் ஏதோ உறுத்தியது. சி கோடைத் திறந்து, குவைட்டா என்று பார்க்கும் அந்த ஒரு வரியை கமெண்டாக்கி (ஓடாதபடி ஆக்கி), 'make' அடித்து கிட்டைத் திரும்பக் கட்டி, மறுபடி ஓட்டினேன். இப்போது எச்சரிக்கை வந்தாக வேண்டும், டெஸ்ட் தோற்றுச் சிவப்பாக வேண்டும். ஆகவில்லை.

கிட்டின் எரர் போன ஃபைலின் பெயர் 'எர்'. கிரெப் தேடிய ஃபைலின் பெயர் 'எரர்'. இல்லாத ஃபைலில் கிரெப் தேடினால் 2 வரும், முன்னால் நிற்கும் ஆச்சரியக்குறி அதை வெற்றியாக்கிவிடும். காட்பாடிப் பாலத்தில் போகிறவர்கள் ஆற்றைத் தாண்டுகிறோம் என்று சொல்வார்கள், கீழே பார்த்தால் மணல்தான். அப்படி ஒரு டெஸ்ட். இத்தனைக்கும் அப்படி ஒரு ஃபைல் இல்லை என்று கிரெப் மத்தியானமே திரையில் சொல்லியிருந்தது. யூசேஜைத் துரத்திய அவசரத்தில் அந்த வரியைத் தாண்டிப் போயிருக்கிறேன். இதற்காகவே 'டெஸ்ட் கிரெப்' என்று ஒரு ஹெல்பர் அங்கே இருக்கிறது. ஃபைல் இல்லையென்றால் சத்தம் போடும்.

பத்தரை மணிக்கு போன் போட்டேன். "தூங்கிட்டியா?" "இல்லண்ணா, கரண்ட் இல்ல." சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "நீங்க பாத்து சரின்னீங்களே" என்றான். ஆமாம், சொன்னேன்.

மறுநாள் அவன் திருத்தி அனுப்பியதை என் ஆப்பிள் மேக்கில் ஓட்டினால் வேறொன்று விழுந்தது. அவனுடையது உபுண்டு. 'டபிள்யூசி' வரிகளை எண்ணித் தரும்போது மேக்கில் எண்ணுக்கு முன்னால் ஸ்பேஸ்கள் வரும், அங்கே வராது. மூன்றும் ஸ்பேஸ் போட்ட மூன்றும் ஒன்றில்லை என்று ஷெல் சொல்லிவிட்டது. வரி எண்ணவும் ஹெல்பர் உண்டு, ஒரு நிமிட வேலை.

நேரம் தின்றது கமிட்டைப் பிரிப்பதுதான். பைப் மாற்றம், டேப் திருத்தம், புது டெஸ்டுகள் எல்லாவற்றையும் ஒரே கமிட்டில் கொட்டியிருந்தான். கமிட்டுகளை மாற்றி அடுக்கும் ரீபேஸ் போட்டு மூன்றாக்கச் சொன்னேன். போனிலேயே இரண்டு மணி நேரம், நடுவில் ஒருமுறை எல்லாம் போய்விட்டது என்று அலறினான். கிட் தன் நகர்வுகளைக் குறித்துவைக்கும் ரீஃப்லாக்கில் இருந்தது. மூன்றையும் தனித்தனியாக செக்அவுட் செய்து, ஒவ்வொன்றிலும் ஸ்கிரிப்டை ஓட்டினோம். பிறகு சி கோடில் அதே வரியைத் திரும்பவும் கமெண்டாக்கினேன். இந்த முறை சிவப்பு.

ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பினேன். "ஃபெயில் ஆயி கீது, சூப்பர்ண்ணா" என்று பதில் வந்தது.