கூகை கக்கிய உருண்டைகளிலிருந்து ஓர் உணவு வலை: செய்து பார்த்த அனுபவம்

நடுநிலைப்பள்ளிப் பிள்ளைகளிடம் உணவுச் சங்கிலி ஒன்றை வரையச் சொன்னால் புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, கழுகு என்ற அதே வரிசையைத்தான் பெரும்பாலும் எழுதுகிறார்கள். மயிலாடுதுறைப் பக்கம், வீட்டு வாசலைத் தாண்டினால் நெல் வயல் என்றிருக்கும் ஊரில் வளரும் பிள்ளைகளும் அப்படித்தான் எழுதுகிறார்கள். யார் யாரைத் தின்கிறார்கள் என்பதற்குத் தங்கள் ஊரிலேயே சான்று தேடி, அதை எண்ணி, அதிலிருந்து அவர்களே ஓர் உணவு வலையைக் கட்ட வேண்டும் என்று எனக்கு நெடுநாளாக ஆசை. எங்கள் ஊர் நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமை கூடும் பிள்ளைகளோடு, சம்பா அறுவடை முடிந்த கையோடு, கூகை என்னும் ஆந்தை கக்கிய உருண்டைகளைப் பிரித்துப் பார்க்கத் தொடங்கினோம். இதுவரை நடந்ததை இங்கே பதிந்து வைக்கிறேன்.

கூகை சிறிய இரையைப் பெரும்பாலும் முழுதாகவே விழுங்கிவிடும். தசை செரிக்கும், எலும்பு, மயிர், நகம், பல் ஆகியவை வயிற்றில் ஒன்றாக இறுகி, பல மணி நேரம் கழித்து வாய் வழியாகவே உருண்டையாக வெளியே வரும். இது எச்சமன்று என்பதை முதலிலேயே சொல்லிவிட்டால் பிள்ளைகளின் அருவருப்பில் பாதி போய்விடுகிறது. பருந்து, வல்லூறு போன்ற பகல் வேட்டைப் பறவைகளும் இப்படிக் கக்குகின்றன என்றாலும் அவற்றின் வயிற்று அமிலம் வீரியம் மிகுந்தது என்பதால் எலும்பு பெரும்பாலும் கரைந்துவிடுகிறது. ஆந்தை இனங்களின் அமிலம் அவ்வளவு கடுமையானதன்று. ஆகவே மண்டையோடும் தாடையும் விலா எலும்பும் பெரும்பாலும் சேதமில்லாமல் கிடைக்கின்றன. மயிலாடுதுறையை அடுத்த மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரி ஆய்வாளர்கள் இப்பகுதிக் கூகைகளின் உணவை இத்தகைய உருண்டைகளைக் கொண்டே ஆராய்ந்திருக்கிறார்கள் என்று சொன்னபோது, தாங்கள் செய்யப்போவது உண்மையான ஆய்வு முறைதான் என்ற பெருமிதம் பிள்ளைகளின் முகத்தில் தெரிந்தது.

உருண்டைகள் கிடைத்த இடம், ஓட்டம் நின்றுபோன பழைய அரிசி ஆலை. உரிமையாளரின் அனுமதியோடு பெரியவர்கள் மட்டும், முகக்கவசமும் கையுறையும் அணிந்து, உள்ளே சென்று பொறுக்கினோம். அத்தகைய கட்டடங்களில் வௌவால் எச்சமும் தூசியும் சேர்ந்து கிடக்கும்; அவ்விடத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லவே கூடாது. மேலே குஞ்சுகள் சீறும் ஓசை கேட்டால் உள்ளே நுழையாமல் திரும்பிவிட வேண்டும். ஆந்தைகள் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை என்பது ஒருபுறமிருக்க, நமக்குப் பாடம் சொல்லித் தரும் பறவையின் கூட்டைக் கலைப்பது முறையுமன்று. உத்தரத்தின் கீழே, வெள்ளை எச்சம் வழிந்த சுவரின் ஓரத்தில், கட்டைவிரல் தடிமனுக்குச் சற்று மேலான உருண்டைகள் கிடந்தன. புதியவை மெருகு பூசியது போன்ற கருமையோடும், பழையவை சாம்பல் நிறத்தில் உதிரும் நிலையிலும் இருந்தன.

கிருமி நீக்கத்தில் எந்தச் சலுகையும் காட்டக் கூடாது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 2001ஆம் ஆண்டு தொடக்கப்பள்ளி மாணவர்களிடையே சால்மொனெல்லா என்னும் பாக்டீரியத் தொற்று பரவியதற்கு, வகுப்பில் பிரித்துப் பார்த்த ஆந்தை உருண்டைகளே காரணம் என்று கண்டறியப்பட்டது. எனவே எங்கள் உருண்டைகளைத் துணியில் முடிந்து, ஒரு கல்லூரி ஆய்வகத்தில் கிருமி நீக்கப் பயன்படும் ஆட்டோகிளேவ் கருவியில் 121 டிகிரி செல்சியஸ் நீராவியில் அரை மணி நேரம் வைத்து வாங்கினோம். அதன் பிறகும் கையுறை கட்டாயம், சாப்பிடும் மேசையில் வேலை செய்யக் கூடாது, முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் என்று விதி வைத்திருக்கிறோம்.

பிரிக்கும் வேலைக்குப் பெரிய கருவிகள் எவையும் தேவைப்படவில்லை. வெள்ளைத் தாள், இடுக்கி, பல்குத்தும் குச்சி, பழைய பல்துலக்கி, கைலென்ஸ் ஆகியவை போதும். உலர்ந்த உருண்டையை அப்படியே பிய்த்தால் மயிர் பறக்கிறது. வெதுவெதுப்பான நீரில் சற்று ஊறவிட்டால் கம்பளி போல இளகிப் பிரிகிறது.

முதலில் கையில் அகப்படுவது பெரும்பாலும் தாடைதான். இந்தப் பயிற்சியின் உயிரே தாடையில்தான் இருக்கிறது என்பேன். எலியின் தாடையில் முன்னால் வளைந்த வெட்டுப்பல், அதன் முன்புற எனாமல் ஆரஞ்சு நிறம், அதற்குப் பின் பல்லே இல்லாத நீண்ட இடைவெளி, கடைசியில் கடைவாய்ப்பற்கள். மூஞ்சூறின் தாடையில் அந்த இடைவெளி கிடையாது. கூரிய பற்கள் முன்னிருந்து பின்வரை தொடர்ந்து நிற்கும், மண்டையோடும் நீண்டு ஒடுங்கியிருக்கும், எலிக்குக் கண்ணுக்குக் கீழே இருக்கும் கன்ன எலும்பு வளைவு மூஞ்சூறுக்கு இல்லை. இணையத்தில் கிடைக்கும் எலும்பு அட்டவணைகள் பெரும்பாலும் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் உரியவை. அவற்றில் பல் நுனி சிவந்த மூஞ்சூறும், நம் ஊர் வயலில் இல்லாத வோல் என்னும் கொறிணியும் இருக்கின்றன. நம் மூஞ்சூறின் பற்களோ முழு வெள்ளை. அந்த அட்டவணையை அப்படியே பிள்ளைகள் கையில் கொடுத்தால் இல்லாததைத் தேடுவார்கள். ஆகவே எங்களுக்குக் கிடைத்த எலும்புகளைக் கறுப்பு அட்டையில் ஃபெவிக்கால் கொண்டு ஒட்டி, எங்கள் ஊருக்கான அட்டவணையை நாங்களே தயாரித்து வருகிறோம். பெரிய எலி, சுண்டெலி, மூஞ்சூறு, பறவை, தவளை என்ற அளவில் பிரிக்கப் பிள்ளைகளால் நன்றாகவே முடிகிறது. வயல் எலியா புல் எலியா என்று அதற்கு மேலும் நுணுகிப் பிரிப்பதற்குப் பற்களின் அமைப்பில் நல்ல பயிற்சி வேண்டும். தெரியாததற்குப் பெயர் சூட்டாமல் ‘பெரிய எலி’ என்று எழுதுவதே நேர்மை என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன்.

எண்ணுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஓர் உருண்டையில் இடக் கீழ்த்தாடை 4, வலக் கீழ்த்தாடை 3 இருந்தால் அதில் எத்தனை எலி? ஏழு என்று ஒரு சிறுமி சொன்னாள். பக்கத்திலிருந்தவன் தன் தாடையையே இருபுறமும் தொட்டுப் பார்த்துவிட்டு, “ஒரு எலிக்கு இடது ஒன்னு, வலது ஒன்னுதானேக்கா, அப்ப குறைஞ்சது நாலு எலி” என்றான். அந்தக் ‘குறைஞ்சது’ என்ற சொல்லை அவனாகவே சேர்த்துக்கொண்டது எனக்குப் பெரும் மகிழ்ச்சியைத் தந்தது.

அதற்குப் பிறகுதான் வலை வரைதல். அம்புக்குறி தின்னப்படுவதிலிருந்து தின்பதை நோக்கிப் போக வேண்டும் என்பது பல பிள்ளைகளுக்கு முதலில் தலைகீழாகப்பட்டது. ஆற்றல் எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டதும் திருத்திக்கொண்டார்கள். நெல்லிலிருந்து எலிக்கு, எலியிலிருந்து கூகைக்கு என்று ஒரு வழி எழுந்தது. வயல் எலி கதிரை அறுத்துத் தன் வளைக்குள் சேர்த்து வைப்பதைப் பிள்ளைகள் வரப்பில் நேரிலேயே பார்த்திருக்கிறார்கள். அறுவடைக்குப் பின் உளுந்து விதைத்தால் அதையும் எலி விடுவதில்லை என்று அதற்கும் ஓர் அம்பு போட்டார்கள். ஆனால் அதே உருண்டையில் இருந்த மூஞ்சூறு அவர்களைத் திகைக்க வைத்தது. மூஞ்சூறு பூச்சியையும் மண்புழுவையும் தின்பது. செடியைத் தின்னும் பூச்சியை மூஞ்சூறு தின்று, அந்த மூஞ்சூறைக் கூகை தின்றால், கூகை மூன்றாம்நிலை நுகர்வோர் ஆகிறது. எலியைத் தின்றபோதோ அது இரண்டாம்நிலை. ஒரே இரவில், ஒரே வயிற்றில், இரண்டு நிலைகள். எந்தப் படியில் கூகையை எழுதுவது என்று வெகுநேரம் வாதிட்டுவிட்டு, படி என்பதே இங்கு பொருந்தவில்லை, வலையாகத்தான் வரைய வேண்டும் என்று அவர்களே முடிவுக்கு வந்தார்கள். இந்த ஒன்றுக்காகவே இவ்வளவு உழைப்பும் தகும்.

பழைய உருண்டைகளில் மயிரைத் தின்று வாழும் அந்துப்பூச்சிப் புழுக்களின் கூடுகளும் இருந்தன. மயிரிலும் நகத்திலும் உள்ள கெரட்டின் என்னும் புரதத்தைச் செரிக்கக்கூடிய உயிர்கள் குறைவு. இந்தப் புழுவால் அது முடிகிறது. வலையின் மேல் முனையில் கூகையை வைத்து முடித்துவிட்டதாக நினைத்திருந்த பிள்ளைகள், கூகையின் உருண்டையிலிருந்து புழுவுக்கு இன்னோர் அம்பு போட வேண்டியதாயிற்று.

எலி மருந்தைப் பற்றிய பேச்சு, வயல் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகளிடமிருந்துதான் வந்தது. புரோமோடையலோன் கலந்த வில்லையைத் தின்ற எலி உடனே சாவதில்லை. இரத்தம் உறையும் தன்மை கெட்டு, சில நாள் கழித்தே சாகிறது. இடைப்பட்ட நாளில் தளர்ந்து திரியும் அந்த எலியைக் கூகை பிடித்தால், வலையில் ஆற்றல் செல்லும் அதே அம்பின் வழியே மருந்தும் செல்கிறது. சிவப்பு மையால் அந்தப் பாதையை வரைந்த பிறகு, எலி பிடிக்கும் பொறியான தஞ்சாவூர்க் கிட்டியையும், பறவைகள் வந்து உட்கார வயலில் நடும் பறவை தாங்கியையும் பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வருவதாகப் பிள்ளைகள் சொல்லியிருக்கிறார்கள். சாக்குருவி சமாச்சாரம் நூலகத்துக்குள் எதற்கு என்று முதலில் முகம் சுளித்த பாட்டி ஒருவர், தன் பேரன் ஒட்டிய தாடைகளைப் பார்த்தபின், தாங்கி வைத்த வயலில் இரவில் கூகை வந்து உட்காரும் என்று தானே சொல்லத் தொடங்கினார்.

இந்த முறைக்கு எல்லையும் உண்டு. எலும்பில்லாத மென்மையான இரை உருண்டையில் தடயம் வைப்பதில்லை. நெல்லை எலி தின்கிறது என்பதையும் கூகையின் உருண்டை காட்டுவதில்லை. ஆகவே எலும்பால் உறுதிப்பட்ட அம்புகளை அழுத்தமான கோடாகவும், கண்ணால் பார்த்தோ படித்தோ அறிந்தவற்றைப் புள்ளிக்கோடாகவும் வரைகிறோம். அடுத்ததாக, நூலகத்தின் பின்புறப் புளியமரத்தில் இருக்கும் புள்ளி ஆந்தைகளின் உருண்டைகளைச் சேர்க்கத் தொடங்கியிருக்கிறோம். அவை மிகச் சிறியவை. வண்டுகளின் ஓடும் கால்களும் நிறைய இருப்பதால், பூச்சி உறுப்புகளுக்கெனத் தனி அட்டை ஒன்று தேவைப்படுகிறது.