ஊதாப் பூவைத் திருப்பிப் பார்த்தால்

மழை ஓய்ந்து தை பிறந்ததும் சென்னையின் காலி மனைகளில் சின்னச் சின்ன ஊதாப் பூக்கள் தலைகாட்டும். வேளச்சேரி ரயில் பாதை ஓரம், நன்மங்கலம் காட்டு விளிம்பு, அடையாறில் நடைபாதைக் கல் இடுக்கு என்று ஓரிடம் விடாது. அவற்றில் எது எதுவென்று பிரித்துச் சொல்லப் பழகுவதுதான் இந்த சீசனில் நான் எடுத்துக்கொண்ட வேலை. இதுவரை வந்து சேர்ந்த இடத்தை எழுதி வைக்கிறேன்.

வழி காட்டியது லியாட்ரிஸ். வட அமெரிக்கப் புல்வெளிகளில் நெட்டுக்குத்தாக நிற்கும் ஊதாப் பூங்கதிர் அது. சூரியகாந்திக் குடும்பம்தான், ஆனால் சூரியகாந்தியின் மஞ்சள் இதழ் மாதிரி சுற்றிலும் விரியும் கதிர்ச் சிறுமலர்கள் கிடையாது, நடுவில் நெருங்கி நிற்கும் குழல் சிறுமலர்கள் மட்டுமே. பூங்கதிரின் உச்சியில் ஆரம்பித்துக் கீழ்நோக்கிப் பூத்து வரும். அதன் இனங்கள் பலவும் ஒரே ஊதா என்பதால் நிறம் உதவாது. அதனால் பூத்தலையின் (பல சிறுமலர்கள் சேர்ந்து ஒரே பூவாகத் தெரியும் கொத்தின்) அடியில் இருக்கும் பூவடிச் செதில்களைப் பார்க்கிறார்கள். ஸ்பைகேட்டா என்ற இனத்தில் செதில் மழுங்கிய நுனியோடு ஒட்டிப் படிந்திருக்கும். பிக்னோஸ்டாக்கியாவில் கூர்நுனி வெளிப்பக்கம் வளைந்துகொள்ளும். ஆஸ்பெராவில் செதில் உருண்டு, ஓரம் மெல்லிய சவ்வாகச் சுருங்கியிருக்கும். நம் ஊர் ஊதாப் பூக்களும் அதே குடும்பம், இவற்றுக்கும் கதிர்ச் சிறுமலர் இல்லை. அந்த வழி இங்கேயும் எடுபடும் என்று தோன்றியது. பத்து மடங்கு லென்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

முதலில் பூவாங்குறுந்தலும் முயல்செவியும். நின்றபடி பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்: முழங்கால் உயரம், மெல்லிய தண்டு, உச்சியில் ஊதாக் கொத்து. பூத்தலையைத் திருப்பினால் சந்தேகமே வராது. முயல்செவியில் செதில்கள் ஒரே வரிசை. எல்லாம் ஒரே உயரம், ஓரத்தோடு ஓரம் ஒட்டி வழவழப்பான பச்சைக் குழாயாக நிற்கின்றன. ஊதா அதன் வாயில் கொஞ்சமாக எட்டிப் பார்க்கிறது. பூவாங்குறுந்தலில் செதில்கள் பல அடுக்கு. வெளியே குட்டை, உள்ளே போகப் போக நீளம், கூரை ஓடு மாதிரி ஒன்றன்மேல் ஒன்று. நுனி கூர்மை, மேலே பொடி மயிர், சிலவற்றின் முனையில் லேசான ஊதாச் சாயம். லென்ஸில் இதைப் பார்த்துவிட்டுக் கண்ணை எடுக்க மனசு வரவில்லை. தலை ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது, அதற்குள் இவ்வளவு ஒழுங்கு!

பூவாங்குறுந்தலைத்தான் சீதேவியார் செங்கழுநீர் என்றும் சொல்கிறார்கள். பழைய தாவர நூல்களில் இதை வெர்னோனியா சினேரியா என்று தேட வேண்டும். 1990ல் தாவரவியலாளர் ஹரால்ட் ராபின்சன் இதை சயாந்திலியம் பேரினத்துக்கு மாற்றினார்.

மேடவாக்கத்தில் கீரை விற்கும் ஆயாவிடம் இரண்டையும் நீட்டினேன். "பூவை எதுக்குப் பாக்குற கண்ணு? இலையப் பாரு. இது தண்டைக் கட்டிப் புடிச்சிருக்கு, அது புடிக்கல" என்றார். சரியான அடையாளம். முயல்செவியின் மேல் இலைகள் காம்பில்லாமல் அடிப்பகுதியால் தண்டைத் தழுவிக்கொள்ளும். பூவாங்குறுந்தல் இலை அடியில் குறுகிக் காம்பாகிவிடும். பூக்காத செடிக்கு ஆயா சொன்னதுதான் கைகொடுக்கும். பூத்திருந்தால் நான் செதிலுக்கே போவேன். ஆடு கடித்து இலை போன செடியிலும் தலை ஒன்று மிஞ்சியிருந்தால் போதும்.

பெரும்பாக்கம் பக்கம் காய்ந்த வயலில் கொட்டைக்கரந்தை கிடைத்தது. இதை எதனோடும் குழப்பிக்கொள்ள முடியாது: ஊதா உருண்டை, தண்டு நெடுக ஓடும் பல் வைத்த சிறகு, கசக்கினால் மூக்கில் ஏறும் வாசனை. ஆனாலும் பிளேடால் உருண்டையை நெடுக்காக அறுத்துப் பார்த்தேன். ஒரே பூத்தலை என்று நினைக்க வைக்கும் அது, நடுத்தண்டைச் சுற்றி நெருக்கிய ஏகப்பட்ட குட்டித் தலைகளின் கூட்டம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே செதில்கள். கையில் கிடைத்தால் ஒரு தடவையாவது அறுத்துப் பாருங்கள்.

புகைப்படம் எடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். மேலிருந்து எடுத்த ஊதாப் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை வைத்துப் பெயர் சொல்வது கஷ்டம். பக்கவாட்டில் செதில் தெரிய ஒன்று, தண்டோடு இலை சேரும் இடம் ஒன்று, விதை ஒன்று. இந்த மூன்றும் சேர்த்து எடுங்கள்.

விதையைச் சேர்த்ததற்குக் காரணம் அஜெரட்டம். வெளிர் நீலப் பூ, எதிரெதிர் இலை. இங்கே நான் பார்த்தவற்றில் லியாட்ரிஸின் நெருங்கிய உறவு இதுதான், இரண்டும் யூபடோரியே என்ற ஒரே பிரிவு. பூவாங்குறுந்தல், முயல்செவி விதைகளில் வெள்ளை மயிர்க்குச்சம் இருக்கும். அஜெரட்டம் கோனிசாய்டஸ் விதையிலோ மயிருக்குப் பதில் கூர்நுனி நீண்ட ஐந்து செதில்கள். அடையாறில் ஒரு சுவரோரச் செடியைப் பார்த்து வைத்திருக்கிறேன், இன்னும் மொட்டுதான். விதை முற்றியதும் லென்ஸில் எண்ணிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.