பக்டேயின் கம்பி

நேற்று சனிக்கிழமை, என் ரோண்டா முறை. இரவு பத்தரைக்கு டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்பினால் மூன்று மணிக்குத்தான் படுக்கை. கோவில்பட்டி ஸ்பின்னிங் மில்லில் நைட் ஷிப்ட் பார்த்துப் பழகிய உடம்பு என்பதால் எனக்கு அது ஒன்றும் கஷ்டமில்லை. முழித்திருக்கும் நாலரை மணி நேரமும் ஜாவா மொழியில் பேச வேண்டியிருப்பதுதான் கஷ்டம்.

புதிதாக வாசிப்பவர்களுக்கு: 2012-ல் இந்தோனேசியாவுக்கு வந்தேன். மத்திய ஜாவாவில் காராங்கான்யார் பக்கம் ஒரு நூற்பாலையில் வேலை. 2015-ல் கல்யாணம். வீட்டம்மாவின் ஊர் பக்கத்து மாவட்டமான ஸ்ராகென். பெங்காவான் சோலோ ஆறு போகிற, வருஷத்துக்கு மூன்று போகம் நெல் விளைகிற பூமி. கரிசலில் மழையைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவனுக்கு முதல் இரண்டு வருஷம் இந்தப் பச்சையே கண் கூசியது.

ரோண்டா என்றால் ஊர்க்காவல். பத்து நாற்பது வீடு சேர்ந்தது ஒரு ஆர்.டே. ஜப்பான்காரன் ஆண்ட 1942–45 காலத்தில் ஆளைக் கணக்கில் வைக்கக் கொண்டுவந்த ஏற்பாடு, அவன் போன பிறகும் தங்கிவிட்டது. ஆர்.டே. தலைவரை பாக் ஆர்.டே. என்பார்கள். என் தம்பி வந்து ஒரு ராத்திரி தங்கினாலும் 24 மணி நேரத்துக்குள் அவரிடம் சொல்லியாக வேண்டும், ஊர் முகப்பில் பலகையே உண்டு. முறை வைத்து ஏழெட்டு ஆம்பிளைகள் தினமும் காவல் கொட்டகையில் கூடுவோம். அங்கே பலா மரத்தில் குடைந்த கெந்தோங்கான் தொங்கும். இரண்டு இரண்டாக அடித்தால் திருட்டு, மூன்று மூன்றாக அடித்தால் தீ, நான்கு என்றால் வெள்ளம் மாதிரி ஆபத்து, ஐந்து என்றால் மாடு களவு. விடாமல் படபடவென்று அடிப்பது தித்திர், எல்லாரும் ஓடி வா என்று அர்த்தம். இப்போது வாட்ஸ்அப் குழுவும் இருக்கிறது. ஆனால் அதில் வருவது பெரும்பாலும் காலை வணக்கம்தான்.

ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு சின்ன டப்பா தொங்கும். முன்பெல்லாம் அதில் ஒரு சிட்டிகை அரிசி போடுவார்களாம், ஜிம்பித்தான் என்ற பெயரே சிட்டிகையிலிருந்து வந்ததுதான். இப்போது ஐந்நூறு ரூபாய்க் காசு. நம் பணத்தில் மூன்று ரூபாய் பக்கம். அதைப் பொறுக்கிக்கொண்டே போவதுதான் ரோண்டா. இந்தக் காசுக்காகவா இத்தனை பேர் தூக்கம் கெட்டு நடக்கிறார்கள் என்று ஆரம்பத்தில் சிரித்திருக்கிறேன். ஒருநாள் தனியாக இருக்கும் ஒரு பாட்டியின் டப்பா காலி. உடன் வந்தவர் உடனே கதவைத் தட்டினார். பாட்டிக்கு நல்ல காய்ச்சல். அன்றிலிருந்து நான் சிரிப்பதில்லை.

இந்த ஊரில் காம்பவுண்டுச் சுவர் கிடையாது. வாசலில் நின்று "குலோனுவுன்" என்று குரல் கொடுத்தால் உள்ளேயிருந்து "மொங்கோ" வரும், அவ்வளவுதான் பூட்டு. அறுவடை முடிந்தால் நெல்லை ரோட்டிலேயே கொட்டிக் காயப்போடுவார்கள், ஒருத்தரும் தொடமாட்டார்கள். அதே ஜனம் மாட்டை மட்டும் வீட்டை ஒட்டிய கொட்டிலில் கட்டிக்கொண்டு தூங்கும். நோன்புப் பெருநாள் நெருங்கினால் மோட்டார் சைக்கிளை அடுப்படி வரைக்கும் உருட்டிக்கொண்டு போவார்கள். பணம் எண்ணிக்கை குறைந்தால் துயுல் என்கிற குட்டிப் பேய் எடுத்துவிட்டது என்பார்கள். பணப் பெட்டிப் பக்கத்தில் நண்டையோ பச்சைப்பயறையோ போட்டு வைத்தால் அதோடு விளையாடிக்கொண்டே துயுல் வந்த வேலையை மறந்துவிடுமாம். பயறு எங்கள் வீட்டிலும் இருக்கிறது. கேட்டால் அடை சுட என்பேன்.

நிலத்துக்கு வருகிறேன். 1960-ம் வருஷத்து நிலச் சட்டப்படி வெளிநாட்டுக்காரன் இங்கே முழு உரிமையோடு நிலம் வைத்துக்கொள்ள முடியாது. அது நியாயம்தான். சிக்கல் என்னவென்றால், கல்யாணத்துக்கு முன்னாலேயே சொத்தைப் பிரித்து ஒப்பந்தம் எழுதாவிட்டால், பிறகு வாங்குவது எல்லாம் இரண்டு பேருக்கும் பொது. ஆக என்னைக் கட்டிய பாவத்துக்கு வீட்டம்மாவாலும் தன் சொந்த மண்ணில் ஒரு துண்டு வாங்க முடியாது. 2016 அக்டோபரில் அரசியல் சாசன நீதிமன்றம் கல்யாணத்துக்குப் பிறகும் எழுதலாம் என்று தீர்ப்புச் சொன்ன பிறகுதான் நோட்டரியிடம் போய் எழுதினோம். சித்தி ஒருத்தரிடமிருந்து 1200 சதுர மீட்டர் வயல் வாங்கினோம், அவள் பெயரில். என் சம்பளம், அவள் நிலம். அம்மாவிடம் போனில் சொன்னபோது, "நல்ல பிள்ளையா இருந்துக்கோ"ன்னாள்.

மாமனார் நிலம் வேறு கதை. அது அவர் அப்பா பெயரில், ஊர் அலுவலகத்து லெட்டர் சே என்ற பழைய பதிவேட்டில் மட்டும் இருந்தது. வரி ரசீது வருஷா வருஷம் வரும், ஆனால் அதை வைத்து நிலம் உன்னுடையது என்று சொல்ல முடியாது. 2017-ல் அரசாங்கம் ஊர் ஊராக மொத்த நிலத்தையும் அளந்து பத்திரம் கொடுக்க ஆரம்பித்தது. 2019-ல் எங்கள் முறை வந்தது. கல் நட வேண்டும், பொழிக்கு அந்தப் பக்கத்துக்காரர் ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் ஊரில் பொழித் தகராறு அரிவாள் வரைக்கும் போய்ப் பார்த்தவன் நான். இங்கே பக்கத்து வயல் பெரியவர் வந்தார், டீ குடித்தார், போட்டார், போனார். வயசில் மூத்தவர் என்பதால் எல்லாருக்கும் அவர் பக்டே, பெரியப்பா.

அந்த பக்டேதான் எலிக்குக் கரண்ட் கம்பி கட்டியவர்.

ஸ்ராகெனில் எலித் தொல்லை சொல்லி மாளாது. போகத்துக்குப் போகம் நெல் நிற்பதால் எலிக்குப் பட்டினியே இல்லை. அதோடு இங்கே வயலுக்கே மின்சாரம் வந்துவிட்டது, ஆழ்துளைக் கிணற்று மோட்டாருக்காக. சிபெல் என்பார்கள், சப்மெர்சிபிள் தேய்ந்து அப்படி ஆகிவிட்டது. அந்த வயரிலிருந்து ஒரு கம்பியை இழுத்து, வரப்போரம் முழங்காலுக்குக் கீழே சுற்றிக் கட்டிவிட்டால் ராத்திரிக்கு நூறு எலி விழும். சில நாள் மனுஷனும் விழுவான். ஸ்ராகெனிலும் பக்கத்து ங்ஙாவியிலும் இப்படிச் செத்த விவசாயிகள் பல பேர், தான் கட்டிய கம்பியிலேயே செத்தவர்களும் உண்டு. 2020 அக்டோபரில் பொஜோநெகோரோவில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்று ஒரு குடும்பமே போனது. கவனக்குறைவால் உயிர் போனால் ஐந்து வருஷம் வரை சிறை. எல்லாருக்கும் தெரியும்.

தெரிந்தும் பக்டேயிடம் யாரும் சொல்லவில்லை. இதற்கு எவு-பக்கெவு என்று ஒரு சொல் இருக்கிறது. எதிராளி முகம் சுளிக்கும்படி ஒன்றைச் சொல்ல வாய் வராத கூச்சம். டப்பாவில் காசில்லை என்றால் நடுராத்திரியில் கதவைத் தட்டுகிற ஊர், பெரியவரின் கம்பியைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஊர் அலுவலகத்தில் பாதுகாப்புக்கென்றே ஒரு அதிகாரி உண்டு, பதவிப் பெயர் ஜோகோபோயோ. அதில் வருகிற போயோ நம் பயம்தான், இரண்டுமே சமஸ்கிருதத்து 'பய'. பயத்தைக் காவல் காக்கிறவர். அவரும் பக்டேக்கு மருமகன் முறை.

பிறகு மாமனாரின் வாத்து மூன்று செத்தது. விடிகாலையில் கம்பிமேல் கிடந்தன. மாமனார் தூக்கி வந்து புதைத்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் விடிவதற்குள் எங்கள் திண்ணையில் ஒரு மூட்டை நெல். யார் வைத்தது என்று அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. கம்பி அப்படியே இருந்தது. என் பெண்ணுக்கு அப்போது ஆறு வயசு, தும்பி பிடிக்க அந்த வரப்பில்தான் ஓடுவாள்.

ரோண்டாவில் பாக் ஆர்.டே.யிடம் புலம்பினேன். அவர் யோசித்துவிட்டு, "நீங்களே சொல்லுங்கள் மாஸ் (அண்ணா). உங்கள் ஜாவா பாஷைக்கு யாரும் கோவிக்கமாட்டார்கள்" என்றார்.

அது விஷயம். பெரியவர்களிடம் பேச வேண்டியது க்ரோமோ, மரியாதைப் பாஷை. எனக்கு வந்தது மில்லில் பையன்களிடம் கற்ற ஙோகோ மட்டும். (படித்த காலத்தில் எதற்கும் உதவாத நம் ஙோவுக்குக் கடைசியில் ஒரு வேலை கிடைத்தது.) நேரே போனேன். "பக்டே, கவாட்மு சோபோத்தென்." தமிழில் சொன்னால், "யோவ் பெரியப்பா, உன் கம்பியைக் கழட்டு." அவருடைய பேரன் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினான். பக்டே என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "லே, உட்காரு" என்றார். சின்னவனை இங்கேயும் லே என்றுதான் கூப்பிடுகிறார்கள், திருநெல்வேலிப் பக்கம் போலவே. டீ வந்தது, அவித்த வேர்க்கடலை வந்தது. எலி தின்ற கணக்கை ஒரு மணி நேரம் சொன்னார். அவர் சொன்னது அத்தனையும் உண்மை.

அடுத்த வாரம் கம்பி இறங்கியது. விவசாயிகள் குழுவிலிருந்து நான்கு மீட்டர் கம்பத்தில் ஆந்தைக் கூடு இரண்டு நட்டார்கள். டெமாக் மாவட்டத்து த்லோகோவேரு கிராமத்தில் கூகை வளர்த்தே எலியை அடக்கியிருக்கிறார்கள், அதைப் பார்த்து. ஒரு கூட்டில் இதுவரை தேனீதான் குடியேறியிருக்கிறது. இன்னொன்று காலி. இந்தப் போகத்தில் எலி எங்கள் பங்கை நன்றாகவே எடுத்துக்கொண்டது.

நேற்று பக்டே வீட்டு டப்பாவில் காசு எடுக்கும்போது டார்ச்சை மேலே அடித்துப் பார்த்தேன். தாழ்வாரத்தில் ஆணியில் சுருட்டி மாட்டிய கம்பி அங்கேயே இருக்கிறது. துரு ஏறவில்லை, யாரோ எண்ணெய் போட்டுத் துடைத்திருக்கிறார்கள்.